‘பர் பர்’ என்று பேசியவர்கள்

மணப்பாறை போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தையில் தரகரும் வியாபாரியும் துண்டால் கையை மூடி, விரலைப் பிடித்தே விலை பேசி முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதற்காக அவர்களை நாகரிகமற்றவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ‘பார்பேரியன்’ என்ற ஆங்கில வசைச்சொல்லோ இப்படி விளங்காமல் போன பேச்சிலிருந்துதான் பிறந்தது.

நம்பிக்கை: அதற்கு என்றைக்கும் ‘காட்டுமிராண்டி’ என்பதே பொருள். லத்தீனில் தாடியைக் குறிக்கும் ‘பார்பா’வே அதன் வேர்.

உண்மை: தாடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேர், ‘பார்பரோஸ்’ என்ற கிரேக்கச் சொல். வேற்று மொழிக்காரர் பேச்சு கிரேக்கர் காதில் ‘பர் பர்’ என்று விழுந்தது. அந்த ஓசையே பெயராகிவிட்டது. இலியட் காவியத்தில் ஹோமர் காரியா நாட்டவருக்கு இச்சொல்லை அடைமொழியாக்கியது அவர்கள் பேச்சைச் சுட்டித்தான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகப் போர்கள் மூண்ட பிறகே இகழ்ச்சி அழுத்தமாக ஏறியது. பெர்செபோலிஸ் அரண்மனையைக் கட்டிய பாரசீகர்களும், பிரமிடுகளை எழுப்பிய எகிப்தியர்களும்கூடக் கிரேக்கர் கணக்கில் பார்பரோஸ்தான்! ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ், கிரேக்க நாடகத்தைத் தம் லத்தீனில் ஆக்கியதையே ‘பார்பரோஸ் மொழியில் பெயர்த்தது’ என்றார். பின்னாளில் அதே ரோமானியர்கள் ஜெர்மானியர்கள்மீது அந்தச் சொல்லை வீசினார்கள்.

நம்பிக்கை: புரியாத பேச்சை வைத்துப் பெயரிடுவது ஐரோப்பியர் வழக்கம், நம் மண்ணில் அது இல்லை.

உண்மை: இருந்தது. வடமொழி ‘மிலேச்ச’ என்பதும் தெளிவின்றிப் பேசுவதைக் குறித்த சொல்தான். அது தமிழுக்கும் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், பாசறையில் அரசனருகே மிலேச்சர் காவல் நிற்கிறார்கள். அவர்களுடைய நாக்கு பேசுவதில்லை, உடம்புதான் பேசுகிறது. அந்நியர் அங்கே நம்பிக்கைக்குரிய காவலர் என்பதைக் கவனிக்க வேண்டும்.   

புரியாத பேச்சை இகழ்வது இன்றும் ஓயவில்லை என்பதுதான் வருத்தம். திருச்சி அருகே தேவராயநேரியில் வாழும் நரிக்குறவர்கள் தங்களுக்குள் வாக்ரிபோலி பேசுகிறார்கள். குஜராத்திக்கு நெருக்கமான மொழி அது. பேருந்து நிலையத்தில் அதைக் கேட்டு முகம் சுளிப்பவர் பலருக்குத் தமிழ் ஒன்றுதான் தெரியும். பாசிமணி விற்கும் பெண்ணோ தன் பிள்ளையிடம் வாக்ரிபோலியிலும், வாங்க வருபவரிடம் தமிழிலும் பேசுகிறார்.