பரங்கிப்பேட்டை இரும்பாலை: பழைய கணக்குகளைப் படிக்கும் முறை

ஸ்ரீமுஷ்ணத்துக்கு வடக்கே ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. அங்கே 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற முன்னாள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, ஐரோப்பிய முறையில் ஓர் இரும்பாலையை நிறுவினார். சேலம் பக்கத்து இரும்புக்கல் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பரிசலேறி வந்தது; மரக்கரி போட்டு உருக்கினார்கள். மலபார் கரையில் பேப்பூரிலும் ஒரு கிளை எழுந்தது. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய பெயரில் முதலீடு திரட்டினார்கள். 1860-களில் உலைகள் அணைந்தன. 1874-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இந்த வரலாற்றை மூல ஆவணங்களிலிருந்து எழுத விரும்பும் நம் பகுதி மாணவர்களுக்கு ஒரே ஒரு விதியைத்தான் வலியுறுத்துவேன்: ஆலையின் பேரேட்டைத் தேடிக்கொண்டு தொடங்காதீர்கள், கடன் கொடுத்தவரின் கோப்பிலிருந்து தொடங்குங்கள்.

காரணம், இந்த ஆலை சொந்தக் காலில் நின்ற வியாபாரம் அல்ல. சென்னை அரசு ஹீத்துக்கு முன்பணம் கொடுத்தது, தனியுரிமை கொடுத்தது, கரிக்காகப் புறம்போக்குக் காடுகளில் மரம் வெட்டவும் இடம் கொடுத்தது. கடன் கொடுத்தவர் சும்மா இருப்பாரா? எத்தனை உலை எரிகிறது, கையிருப்பு எவ்வளவு, எதை ஈடு வைப்பாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பங்கு விற்பதற்காக அச்சிட்ட அறிக்கையில் லாபம் மட்டும்தான் பளபளக்கும். தவணை கேட்டு எழுதும் கடிதத்திலோ நஷ்டத்தையும் அதன் காரணத்தையும் சொல்லியே ஆகவேண்டும். அதனால் இந்த இரண்டில் கடன் கடிதமே நம்பத் தகுந்த சாட்சி.

சென்னைக்குப் போகும் முன் வீட்டிலேயே முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட மேனுவல் (1878), பிரான்சிஸின் கெசட்டியர் (1906), லெ பானுவின் சேலம் மேனுவல் (1883) ஆகியவற்றில் ஆலையைப் பற்றிய பக்கங்களைப் படித்து ஒரு காலவரிசை தயாரியுங்கள். அவற்றை முடிந்த வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஆண்டுத் தொகுதியைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள அவை போதும். அன்றைய பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அட்டவணைகளில் பரங்கிப்பேட்டை ‘போர்ட்டோ நோவோ’ என்றும், கொள்ளிடம் ‘கோலரூன்’ என்றும்தான் இருக்கும். கடலூர் மாவட்டம் 1993-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தையதெல்லாம் தென்னார்க்காடு.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கல்லூரியின் அறிமுகக் கடிதத்தோடும் அடையாள அட்டையோடும் செல்லுங்கள். அங்கே வருவாய் வாரிய நடவடிக்கைத் தொகுதிகளின் ஆண்டு அட்டவணையை முதலில் கேளுங்கள். பிறகு தென்னார்க்காடு, சேலம் கலெக்டர்களின் கடிதத் தொகுதிகள். நடவடிக்கைத் தொகுதியில் வந்த கடிதம் முதலில், இணைப்புகள் அடுத்து, தீர்மானம் கடைசியில் என்று நகலெடுத்திருப்பார்கள். தீர்மானத்தை முதலில் படியுங்கள். கேட்டதில் எது கிடைத்தது, எது மறுக்கப்பட்டது என்று தெரிந்தபின் கடிதத்துக்குத் திரும்பினால், எழுதியவர் எதை மிகைப்படுத்தினார் என்பது தானே தெரியும். பக்கம் செல்லரித்திருந்தால் மனம் தளர வேண்டாம். சென்னை நடவடிக்கைகளின் நகல்கள் லண்டனுக்கும் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவற்றைத் தேடலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் அளவைகள்தான். சென்னையின் அரசு அளவையில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, அதாவது 25 பவுண்டு. 20 மணங்கு ஒரு பாரம், 500 பவுண்டு. ஒரு கடிதத்தில் 100 பாரம் கரி என்றிருந்தால் அது 50,000 பவுண்டு. 2,240 பவுண்டு கொண்ட ஆங்கில டன்னில் 22-க்குச் சற்று மேல். ஊருக்கு ஊர் பாரம் மாறியதால், எந்த அளவை என்று கடிதமே சொல்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெருக்குங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்; பசலி 1240 என்பது 1830 ஜூலையில் தொடங்குகிறது. மூல எண்ணை ஒரு பத்தியிலும் மாற்றிய எண்ணை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். மூல எண்ணை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

இப்படிச் சேர்த்த அட்டவணையை வைத்துத்தான் பழைய முடிவுகளைச் சோதிக்க முடியும். கரி தீர்ந்ததால் ஆலை மூடியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். காடு தேய்ந்திருந்தால் கரியின் விலையும் வண்டிக்கூலியும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருக்க வேண்டும். கரி வந்த ஊர்கள் ஆலையிலிருந்து விலகிக்கொண்டே போயிருக்க வேண்டும். விலை ஏறாமலே கடன் மட்டும் ஏறியிருந்தால், குற்றவாளி வட்டியா, நிர்வாகமா, இங்கிலாந்தின் மலிவான நிலக்கரி இரும்பா என்று தேட வேண்டும். கரி மட்டும் காரணம் என்ற விளக்கத்தை அட்டவணை இல்லாமல் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அரசுக் கோப்பு அதிகாரியின் குரல்தானே, அதை நம்பலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கரி சுட்டவரும் பரிசல் தள்ளியவரும் அதில் தம் வாயால் பேசுவதில்லை. ஆனால் கூலித் தகராறு, காட்டு உரிமை குறித்த மனு என்று அவர்கள் அதிகாரியின் மேசைக்கு வந்த இடங்கள் உண்டா என்று கலெக்டர் கடிதங்களில் தேடலாம். அதனால்தான் வாரியத் தொகுதியோடு நிறுத்தக் கூடாது என்கிறேன். அரசுக்கே ஆலை மேல் ஓர் ஆசை இருந்ததே என்பது இன்னொரு ஆட்சேபம். அதற்கு வெளிச்சாட்சி வேண்டும். ஹீத் 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதையொட்டி ஷெபீல்டு உற்பத்தியாளர்களோடு நடந்த நீண்ட வழக்கு அச்சான தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கிறது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு காட்டும் ஹீத்தை அரசின் பாராட்டுக் கடிதம் காட்டும் ஹீத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கலெக்டர் கடிதங்களில் விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம், புவனகிரிப் பக்கத்து ஊர்ப்பெயர் எது வந்தாலும் தொகுதி எண், பக்கம், தேதியோடு தனியாகக் குறித்து வையுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலின் ஒரு நகலை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள். அடுத்து வருகிறவர் அதிலிருந்து தொடங்கட்டும்.