மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் அடுக்குமாடிச் சங்க அறையில், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கும் இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறேன். முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள். சிபியு, மானிட்டர், மெமரி என்று படம் போட்டு விளக்கினேன். இப்போது மூன்று பேர்தான் வருகிறார்கள். ஆர்வம் இல்லாதவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?
- வாசகி, மந்தைவெளி

பதில்: அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஒருவர் உங்கள் அறைக்கு வந்து உட்காருவதே பெரிய ஆர்வம்தான். மெமரியைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் வரவில்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் யாரோ தட்ட, அது சரியா தப்பா என்று பார்க்கத் தெரியாமல் நின்றிருப்பார். அதனால் வந்திருப்பார். அடுத்த வகுப்பில் “உங்களுக்கு எந்த வேலை முடியணும்?” என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும், இன்னொருவருக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும். ஓய்வூதியம் வாங்கும் பெரியவருக்கு ஆயுள் சான்று. 2014-லிருந்து அதை இணையம் வழியாகவே தரலாம், இப்போது செல்போனில் முகம் காட்டினாலே போதும். ஒரு வகுப்புக்கு ஒரு வேலை. அது முடிந்தால் அவரே மறுபடி வருவார்.

மவுஸ் பிடிப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 1990-இல் விண்டோஸில் சொலிடேர் சீட்டாட்டம் சேர்க்கப்பட்டதே, பிடித்து இழுத்து விடும் பழக்கம் கைக்கு வரட்டும் என்பதற்காகத்தான். தயங்காமல் ஆடவிடுங்கள். டபுள் கிளிக் பலருக்கு வராது. செட்டிங்ஸில் அதன் வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஒருமுறை தொட்டுவிட்டு என்டர் தட்டச் சொல்லுங்கள். அம்புக்குறியைப் பெரிதாக்குங்கள். அவர் தடுமாறும்போது “இங்கே குடுங்க” என்று மவுஸை வாங்கிவிடாதீர்கள். படித்தவர்கள் எல்லோரும் செய்வது இதுதான், பிள்ளைகளும் வீட்டில் இதையேதான் செய்கிறார்கள். வாங்கிய நொடியில் அவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுகிறார். உங்கள் கை பின்னால் இருக்கட்டும், வாய் மட்டும் வழி சொல்லட்டும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு ஆங்கில விசைப்பலகை ஒரு சுவர். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது: உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே தட்டு. புள்ளி தானாக விழும். விசைகளில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

பின் நம்பரோ பாஸ்வேர்டோ அவர் அடிக்கும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஓடிபியை உங்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்பதை அப்போதுதான் நம்புவார். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் மனப்பாடமாக்கிவிடுங்கள்.

மத்திய அரசு 2017-இல் தொடங்கி 2024-இல் முடித்த டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கிராமப்புறக் குடும்பங்களுக்கானதாகவே இருந்தது. வயது வரம்பும் 14 முதல் 60 வரை. மந்தைவெளியில் வேலை செய்யும் பெண்ணும் எழுபதைத் தொட்ட பெரியவரும் அதில் அடங்கவில்லை. அவர்களுக்கு உங்கள் வகுப்புதான் வழி. சமூகச் சீர்திருத்தவாதி சகோதரி சுப்புலட்சுமி 1942-இல் இதே சென்னையில் வயதுவந்த பெண்களுக்கென்றே ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். நீங்கள் செய்வதும் அந்த வழி வந்த வேலை என்றே நான் நினைக்கிறேன். அதை விட்டுவிடாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: வகுப்பு காலையிலா? வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்தான் மூச்சுவிட நேரம். இந்த வாரமே, வராமல் நின்ற அந்த ஏழு பேரையும் நேரில் பார்த்து, எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டுவிட்டு வகுப்பை மாற்றுங்கள்.