முதல் புத்தகமே கசந்தால்?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் இயந்திர நாயோடு சிரித்துப் பழகிய ஒருவர், அடுத்தபடியாக ஹால் கிளெமென்ட் எழுதிய ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’ என்ற ஆங்கில நாவலை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். “இந்த வகையே எனக்கு ஒத்துவராது” என்று நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார். இயற்பியல் பயிலும் கல்லூரி மாணவர்களிலேயே இப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஊசலின் அலைவு நேரத்தை ஒரே ஒரு முறை அளந்துவிட்டு முடிவெழுதினால் ஆய்வகத்தில் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

இந்நாவல் 1953-இல் அமெரிக்க இதழொன்றில் தொடராக வந்தது. ஆசிரியர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். இவ்வகைக் கதையைக் ‘கறார் அறிவியல் புனைகதை’ எனலாம். கற்பனைக்கு இடமுண்டு, ஆனால் கணக்கு உதைக்கக் கூடாது. வாசகர் பிழை கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் பிடிபடாமல் தப்ப வேண்டும். கிளெமென்ட் இதை ஒரு விளையாட்டாகவே கருதினார். இந்த விளையாட்டின் விதி தெரியாமல் படிப்பவருக்குச் சலிப்பு வருவது இயல்பே.

கதை நிகழும் மெஸ்க்லின் என்ற கோள் தட்டைப் போல் நசுங்கியது. காரணம், அதன் ஒரு நாள் ஏறக்குறைய 18 நிமிடமே! நடுக்கோட்டில் நம் புவியைப்போல் 3 மடங்கு ஈர்ப்பு; துருவத்திலோ சுமார் 700 மடங்கு என்கிறார் ஆசிரியர். ஏன் இந்த வேறுபாடு? தாளும் பென்சிலும் எடுங்கள். நடுக்கோட்டு ஆரம் சுமார் 38,600 கி.மீ. கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால், மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 130 மடங்குக்கு மேல் வரும். அவ்வளவும் ஈர்ப்பிலிருந்து கழிந்துவிடுகிறது. நம் புவியிலும் இது உண்டு. 60 கிலோ மனிதருக்கு நடுக்கோட்டில் கழிவது வெறும் 200 கிராம் அளவே. (துருவத்தில் 700 மடங்கு இராது, அதைவிடக் குறைவு என்று பிற்பாடு சில வாசகர்கள் கணக்கிட்டுக் காட்டினர். விளையாட்டில் அவர்களுக்கு ஒரு புள்ளி!)

இனிக் கதைக்கு வருவோம். அக்கோளின் கப்பல் தலைவன் பார்லெனன், பூரான் போன்ற உருவினன். உயரமென்றால் அவனுக்குக் குலைநடுக்கம். கோழையா அவன்? 700 மடங்கு ஈர்ப்பில் 15 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்கு 160 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் தரையில் மோதும். பூமியிலிருந்து வந்த மனிதர் அவனை விளையாட்டாகத் தூக்கி வண்டியின் கூரைமேல் வைக்கும் இடத்தில், இந்தக் கணக்குத் தெரிந்தவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். என் கருத்தில் நாவலின் உயிர் அங்கே இருக்கிறது. மனிதப் பாத்திரங்கள் உப்புச் சப்பற்றவை என்பதும் உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்படியும் பிடிக்கவில்லையா? தாராளமாக மூடிவிடுங்கள். ஆனால் வகையையே தள்ளிவிடுமுன் வேறொருவர் எழுதியதை ஒரு முறை பாருங்கள். ஆர்தர் கிளார்க்கின் ‘எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்’ (1961) முற்றிலும் வேறு சுவை. நிலவின் தூசிக் கடலில் ஒரு சுற்றுலாப் படகு பயணிகளோடு மூழ்கிவிடுகிறது. படகை விழுங்கும் அப்படிப்பட்ட தூசிக் கடல் நிலவில் இல்லையென்பது பின்னர் அங்கு இறங்கிய கலங்களால் தெளிவாயிற்று. ஆயினும் கதையின் பரபரப்பு குறையவில்லை. காற்று தீர்வதற்கு முன்பே வேறோர் ஆபத்து வருகிறது. வெற்றிடத்தில் கிடக்கும் நுண்தூசி வெப்பத்தை எளிதில் கடத்தாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. உள்ளே இருபதுக்கும் மேற்பட்டோர். அணைக்க முடியாத இரண்டு மின்னடுப்புகளோடு அவர்களைப் பூட்டி வைத்ததற்குச் சமம் அது.