கப்பல் விசிறியும் பிளாட்டினப் பொடியும்



கப்பல் வேலை பார்க்கும் என் மாமா ஒருநாள், "கப்பல் விசிறியைப் பார்த்திருக்கியாடா? அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியா இருக்கும். தண்ணிக் குமிழிதான் அப்படி அரிச்சிடுது" என்றார். நான் நம்பவே இல்லை. உலோகத்தைக் குமிழி அரிக்குமா? வேதியியல் ஐயாவிடம் கேட்டேன். "உங்க மாமா சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார்.

விசிறி வேகமாகச் சுற்றும்போது சில இடங்களில் நீரின் அழுத்தம் மிகவும் குறைந்து ஆவிக்குமிழிகள் பிறக்கின்றன. அழுத்தம் கூடியதும் அவை சட்டென்று நொறுங்குகின்றன. உலோகத்தை ஒட்டி நொறுங்கினால் ஊசி போன்ற நீர்த்தாரை அதைக் குத்துகிறது. குமிழி நொறுங்குவதை 1917-லேயே ராலே பிரபு கணக்குப் போட்டு விளக்கினார்.

இந்தக் கெட்ட குமிழியை நல்ல வேலைக்கும் பயன்படுத்தலாம்! நம் காதுக்கு எட்டும் எல்லை வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள். அதற்கு மேல் மீயொலி. அதை நீருக்குள் பலமாகச் செலுத்தினால் அதே குமிழிகள் பிறக்கும்.

இனி பிளாட்டினம் செய்வோமா?

1. குளோரோபிளாட்டினிக் அமிலக் கரைசலில் மீயொலி தரும் டைட்டானியக் கம்பியையே எதிர்மின்வாயாக வைக்கிறார்கள்.
2. ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் மின்சாரம் பாய்கிறது. பிளாட்டினம் எலக்ட்ரான்களைப் பெற்றுக் கம்பி நுனியில் நுண்மணிகளாகப் படிகிறது.
3. மின்சாரத்தை நிறுத்தி, மீயொலியைக் கொடுக்கிறார்கள். வலையை உதறினால் பொடிமீன் உதிர்வதுபோல மணிகள் கரைசலில் உதிர்கின்றன.
4. இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒரு பாலிமரும் சேர்ப்பதுண்டு.

மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டால் என்ன? தடித்த பூச்சாகிவிடும். வினையூக்கிக்கு மேற்பரப்புதான் வேலை செய்யும். உள்ளே இருப்பது வீண்.

ஒரு கணக்கு: 1 செ.மீ. பக்கமுள்ள பிளாட்டினக் கனசதுரத்தின் எடை சுமார் 21 கிராம், மேற்பரப்பு 6 ச.செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக்கினால் 600 சதுர மீட்டர்! அதே 21 கிராம்தான். போட்டுப் பாருங்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிளாட்டினத்தின் மீது வினைபுரிந்து மின்சாரமும் நீரும் தருகின்றன. புகை கிடையாது. ஆனால் பிளாட்டினம் விலை அதிகம். மணி சிறுத்தால் குறைந்த பிளாட்டினமே போதும்.

இப்படி மின்சாரத்தையும் வேதியியலையும் சேர்த்து ஆராயவே நம் தமிழ்நாட்டில் ஒரு நிலையம் இருக்கிறது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது.

துறைமுகச் சாலையில் டிரெய்லர் வரிசை நின்றால் என் தங்கைக்கு இழுப்பு வந்துவிடும். அம்மா ஜன்னலைச் சாத்துவார். இந்தப் பொடியால் நாளைக்கே புகை நின்றுவிடாது, தெரியும். ஹைட்ரஜனைப் புகையில்லாமல் தயாரிப்பது, பத்திரமாக வைப்பது என்று வேலை இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் மின்னாற்பகுப்புப் பாடத்தை மார்க்குக்காக மட்டும் நான் இனிப் படிக்க மாட்டேன்.

சிந்திக்க ஒரு கேள்வி: அந்தக் கனசதுரத்தின் பக்கத்தை 5 நானோமீட்டர் ஆக்கினால் மேற்பரப்பு எவ்வளவு? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள்!

— +2 அறிவியல் பிரிவு மாணவன், காட்டுப்பள்ளி