வேது பிடிக்கப் போய் ஷாக் வாங்கலாமா?

சளி, தலைபாரம் என்று வருகிறவர்களுக்கு நொச்சி இலை போட்டு வேது பிடிக்கச் சொல்வது எங்கள் சித்த மருத்துவத்தில் வழக்கம். முன்பு அடுப்பில் கொதித்த பானையும் கம்பளியும். இப்போது பல வீடுகளில் கரண்ட் கெட்டில்!

அப்படி வேது பிடித்த ஓர் அம்மா இரண்டு வாரம் கழித்து வந்தார். ''டாக்டர், விரல் நுனியெல்லாம் விறுவிறுங்குது.'' நாடி பார்த்தேன். வாதம்தான் என்று தைலம் கொடுத்து அனுப்பினேன். மறுமுறை வந்தபோது, ''செருப்பு போட்டுக்கிட்டு வேது பிடிச்சா விறுவிறுப்பே இல்லீங்க'' என்றாரே பார்க்கலாம்! தூக்கிவாரிப் போட்டது எனக்கு. வாதமாவது, பித்தமாவது... எவர்சில்வர் கெட்டிலில் கரண்ட் கசிகிறது!

எலக்ட்ரீஷியன் பார்த்தார். பிளக்கில் மூணு பின் இருந்தது. பிரித்தால் உள்ளே ரெண்டே ஒயர். ரிப்பேர் செய்த இடத்தில் ஒயரை மாற்றினார்களாம். எர்த் பின் சும்மா அழகுக்கு நின்றது.

வீட்டு மின்சாதனங்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். உலோக உடம்பை எர்த் ஒயரோடு இணைத்தது ஒன்று. இரட்டை இன்சுலேஷன் கொடுத்தது இன்னொன்று. அதற்கு எர்த் வேண்டாம். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இந்த ரகம். இரண்டும் தெரியாத சாமான்தான் வம்பு. பிளாஸ்டிக் உடம்பு, ரெண்டு பின் பிளக் என்பதற்காக இரட்டை இன்சுலேஷன் என்று முடிவு கட்டாதீர்கள். அடையாளம் இல்லையா? எர்த் தேவைப்படும் ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலோக உடம்பு இருந்து எர்த் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

எலக்ட்ரீஷியனிடம் '500 வோல்ட் மெக்கர் வைத்துப் பாருங்க' என்று கேளுங்கள். சின்ன பாட்டரி போட்ட மல்டிமீட்டர் இதற்குப் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, சாதனத்தின் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, லைன், நியூட்ரல் பின்களைச் சேர்த்து ஒரு முனை, உலோக உடம்பில் மறு முனை. எர்த் ரகத்துக்குக் குறைந்தது 1 மெகா ஓம், இரட்டை இன்சுலேஷனுக்கு 2 மெகா ஓம் காட்ட வேண்டும். பிளாஸ்டிக் உடம்பானால் மேலே அலுமினியத் தாளைச் சுற்றிப் பார்ப்பார்கள். எர்த் பின்னுக்கும் உலோக உடம்புக்கும் இடையே தனியாக அளந்தால் ஏறக்குறைய பூஜ்ய ஓம் வர வேண்டும்.

அந்தக் கெட்டில் காட்டியது 0.2 மெகா ஓம். 230 வோல்ட்டில் ஒரு மில்லி ஆம்பியருக்குச் சற்று மேலே. விறுவிறுப்பு தெரியும் அளவு. 10 மில்லி ஆம்பியர் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். ஈரக் கையும் வெறுங்காலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மலிவு விலை பிளாஸ்டிக் ஆவி டப்பாக்கள் சிலவற்றில் இரண்டு தகடுகள் நேராகத் தண்ணீரில் நிற்கும். அந்தத் தண்ணீரிலேயே கரண்ட் ஓடுகிறது! சீக்கிரம் ஆவி வரட்டும் என்று உப்பு போட்டால் இன்னும் அதிகமாக ஓடும். பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்காதீர்கள், இலையும் போடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பது நல்லதே. ஆனால் ஒரு கை லைனிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அது காப்பாற்றாது.

அந்த அம்மாவுக்குத் தைலத்தை நிறுத்திவிட்டேன். வேதுவை நிறுத்தவில்லை. கேஸ் அடுப்பில் கொதிக்க வைத்து, இறக்கித் தரையில் வைத்துப் பிடிக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமல்.