பணம் இருந்தும் தெருவிளக்கு இல்லையே?

கேள்வி: எங்கள் ஊராட்சிக் கணக்கில் மத்திய அரசுப் பணம் இருக்கிறதாம். தெருவிளக்கு கேட்டால் மட்டும் "அது வேறு தலைப்பு" என்கிறார்கள். சாக்குப்போக்கா?

பதில்: முழுக்கச் சாக்குப்போக்கு அல்ல. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கிராம உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியம் 2.36 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் 60 சதவீதத்துக்குக் கடிவாளம் இருந்தது: பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும். அதைத் தொட்டு விளக்கு போட வழியில்லை என்பதே விதியாக இருந்தது. மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு. சம்பளம், அலுவலகச் செலவு தவிர. தெருவிளக்கு இதில் அடங்கியது. ஆகவே, "இந்த 40 எங்கே போனது?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எல்லா ஊருக்கும் ஒரே விகிதம் வகுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குடிநீர்த் தட்டுப்பாடு இல்லாத ஊரும் உண்டு, தவிக்கிற ஊரும் உண்டு. ஆனால் கடிவாளமே இல்லாவிட்டால் குப்பைக்கும் சாக்கடைக்கும் யார் பணம் ஒதுக்குவார்கள் என்பதும் நியாயமான சந்தேகம்தான்.

ஊராட்சியின் ஆண்டுத் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். தெருவிளக்கைத் தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள்.