சுண்ணாம்புத் தெளிவுக்கு ஒரு சின்னக் கணக்கு

1. காரக் கரைசலின் பி.எச். அறிய, ஒரு லிட்டரில் ஹைட்ராக்சைடு அயனி எத்தனை மோல் என்று பாருங்கள். 0.1 என்றால் 1, 0.01 என்றால் 2, 0.001 என்றால் 3. இது பி.ஓ.எச். இதை 14-இலிருந்து கழித்தால் பி.எச். வந்துவிடும்.

2. சாக்கடை அடைப்பெடுக்கும் காஸ்டிக் சோடாவில் ஒரு மோல் 40 கிராம். ஒரு லிட்டரில் 4 கிராம் கரைந்தால் 0.1 மோல், பி.எச். 13. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் சூடேறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது.

3. பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது சுண்ணாம்புக் கணக்கில்தான். நீற்றிய சுண்ணாம்பில் ஒரு மோல் 74 கிராம். லிட்டருக்கு 0.74 கிராம் கரைந்தால் 0.01 மோல். ஆனால் சுண்ணாம்பு ஒன்றுக்கு ஹைட்ராக்சைடு இரண்டு! எனவே 0.02. இரண்டின் மடக்கை 0.3; 2-இலிருந்து அதைக் கழித்தால் 1.7, பி.எச். 12.3. மேலும் மேலும் கொட்டினாலும் பெரிதாக ஏறாது. லிட்டருக்கு ஏறக்குறைய 1.7 கிராம்தான் கரையும், மிச்சம் அடியில் தங்கும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோவது ஏனென்று இப்போது தெரியும்.

4. பத்து மடங்காக நீர்த்தால் பி.எச். ஒன்று குறையும். எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் காரம் அமிலமாகிவிடாது. 7-ஐ நெருங்கி நின்றுவிடும்.

5. அந்த 14 என்பது 25 டிகிரி வெப்பத்துக்கு. சித்திரை வெயிலில் தண்ணீர் 35 டிகிரிக்குப் போனால் 13.7 என்று கொள்ளுங்கள்.

6. ஆப்ப சோடாவுக்கும், காரமடைப் பக்கத்து போர்வெல் உப்புத் தண்ணிக்கும் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. அவற்றில் காரத்தன்மை பெரும்பாலும் பைகார்பனேட்டால் வருகிறது. பரிசோதனைத் தாளில் பார்ப்பதே சரி. குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் 6.5 முதல் 8.5 வரை.

7. தாள் இல்லையா? மஞ்சள் தடவிய வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் காரம். எண் சொல்லாது, அவ்வளவுதான்.

8. இதே சுண்ணாம்பு பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோக் கலவையிலும் சேரும். பாக்குத் தோப்புக்கு நூறு லிட்டர் என்றால் மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். பளபளக்கும் இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்புத் தெளிவு இன்னும் வேண்டும். கலந்ததை அன்றைக்கே அடித்துவிடுங்கள்.